மலிவான மோட்டார் ஏன் விலை உயர்ந்தது?



சென்ற கோடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பேருந்திலிருந்து இறங்கியதும் கண்ணில் பட்டது குடங்களின் வரிசைதான். பஞ்சாயத்து மோட்டார் கருகிப்போய் மூன்று நாளாகிவிட்டது. மேல்நிலைத் தொட்டியில் ஒரு சொட்டு நீர் இல்லை. வயல் கிணறு ஒன்றிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்த தண்ணீருக்காகப் பெண்களும் சிறுவர்களும் வெயிலில் நின்றிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் அன்றைக்குப் பள்ளித் தனிவகுப்புக்குப் போகவில்லை. அவளும் அந்த வரிசையில்தான் இருந்தாள்.

மாலையில் ஊராட்சித் தலைவரைப் பார்க்கப் போனேன். எனக்கு ஒருவகையில் அக்கா முறை. கெட்டிக்காரர், கைசுத்தமானவர். என்னைக் கண்டதும் ஒரு தாளை எடுத்து நீட்டினார். மூன்று கடைகளிலிருந்து வாங்கிய கொட்டேஷன்கள். மிகக் குறைந்த விலை சொன்ன கடையிலிருந்துதான் ஒன்றரை ஆண்டுக்கு முன்பு மோட்டார் வாங்கப்பட்டிருந்தது.

“பாருங்க தம்பி, கம்மி விலை சொன்னவங்ககிட்டதான் வாங்கினேன். ஒரு பைசா யாரும் சாப்பிடலை. இப்ப ஊரே என்னைத் திட்டுது. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?”

நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடினால், பள்ளியில் நீங்கள் படிக்கும் வேலை, ஆற்றல், திறன் என்னும் பாடத்தில் போய் நிற்போம். பொதுப் பணத்தில் பொருள் வாங்குவது கணக்குப்பிள்ளை வேலை என்று நாம் நினைக்கிறோம். அதில் பாதி, அளவீட்டு வேலை.

தாளில் என்ன எழுதியிருந்தது?

மூன்று கொட்டேஷன்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊராட்சி கேட்டிருந்தது இவ்வளவுதான்: “5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் பம்புடன் – 1.”

ஜவுளிக்கடைக்குப் போய், “ஒரு சட்டை கொடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதைப் போன்றது இது. யாருக்குச் சட்டை, என்ன அளவு என்று சொல்லவே இல்லையே! குதிரைத்திறன் என்பது மோட்டாரின் தண்டு எவ்வளவு திறனைத் தரவல்லது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்பதை அது சொல்வதில்லை. அதே 5 குதிரைத்திறன் மோட்டாரோடு, அடுக்கடுக்காகப் பல விசிறிச் சக்கரங்கள் பொருத்தினால் குறைந்த நீரை அதிக உயரத்துக்கு ஏற்றும். சில சக்கரங்களே இருந்தால் நிறைய நீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளும். ஒவ்வொரு பம்புக்கும் அது மிகச் சிறப்பாக இயங்கும் ஓர் உயரமும் நீரோட்ட அளவும் உண்டு. அதைவிட்டு விலகினால் பயனுறுதிறன் சரிந்துவிடும். மின்சாரம் வெப்பமாகவும் நீர்ச் சுழலாகவும் வீணாகும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் தரைக்குக் கீழே 35 மீட்டரில் நிற்கிறது. தொட்டியின் வாய் தரைக்கு மேலே 12 மீட்டர். குழாயில் உராய்வினால் ஏற்படும் இழப்பை 3 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று கொண்டோம். மொத்தம் 50 மீட்டர். தொட்டியின் கொள்ளளவு 30,000 லிட்டர். நாளைக்கு இருமுறை நிரப்ப வேண்டும். ஆக 60,000 லிட்டர், அதாவது 60,000 கிலோகிராம் நீர்.

செய்யப்படும் வேலை = நிறை × புவிஈர்ப்பு முடுக்கம் × உயரம் = 60,000 × 9.8 × 50 = 2,94,00,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36,00,000 ஜூல் என்பது உங்களுக்குத் தெரியும். வகுத்தால் 8.17 யூனிட் வரும். எந்த இழப்பும் இல்லாத பம்பு ஒன்று உலகத்தில் இருந்தால், எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு 8.17 யூனிட் மின்சாரம் போதும்!

அப்படி ஒரு பம்பு இல்லை. மோட்டார், பம்பு இரண்டின் இழப்பும் சேர்ந்து, ஒன்று நூற்றுக்கு 30 பயனுறுதிறன் உடையது, மற்றொன்று நூற்றுக்கு 45 உடையது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது நாளைக்கு 27.2 யூனிட் கேட்கும், இரண்டாவது 18.15 யூனிட் கேட்கும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால், முதலாவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 79,500 ரூபாயும் இரண்டாவதற்கு 53,000 ரூபாயும் மின்கட்டணம் ஆகும்.

விலையையும் சேர்த்துப் பார்ப்போமா? முதல் பம்பு 38,000 ரூபாய். இரண்டாவது 52,000 ரூபாய் என்று கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது முதலாவது 14,000 ரூபாய் மலிவு. அந்த 14,000 ரூபாய் ஆறரை மாத மின்கட்டண வேறுபாட்டிலேயே கரைந்துவிடும். எட்டு ஆண்டுகள் ஓடினால் முதலாவதற்கு ஆகும் மொத்தச் செலவு 6,74,000 ரூபாய். இரண்டாவதற்கு 4,76,000 ரூபாய். ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் வேறுபாடு! மலிவான பம்பின் மொத்தச் செலவில் அதன் விலை நூற்றுக்கு ஆறு பங்குகூட இல்லை. அந்த ஆறு பங்கைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, மீதித் தொண்ணூற்று நான்கை நாம் பார்க்கவே இல்லை.

மோட்டார் ஏன் கருகியது என்றும் கேட்பீர்கள். கோடையில் எங்கள் ஊரில் மின்னழுத்தம் தாழ்ந்து விடும். மின்தூண்டல் மோட்டார் அப்போதும் அதே பளுவை இழுக்க முயலும். எனவே கூடுதல் மின்னோட்டத்தை வாங்கும். கம்பிச் சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மின்னோட்டம் 20 விழுக்காடு கூடினால் வெப்பம் 44 விழுக்காடு கூடும். அந்த மோட்டார் எந்த மின்னழுத்தம் வரை தாங்க வேண்டும் என்றும் ஊராட்சி கேட்கவில்லை; கடைக்காரரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை என்று அவரைக் குறைகூற முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

“மிகக் குறைந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே” என்றார் அக்கா. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் அரசுத் துறைகளும் உள்ளாட்சி மன்றங்களும் டெண்டர் விடுவதற்கு 1998-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் விதிகள் 2000-இல் வந்தன. மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் எது மிகக் குறைந்தது என்பதை, டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளந்து சொல்லக்கூடிய காரணிகளைக் கொண்டு கணக்கிடவும் அது இடம் தருகிறது. சிறு தொகைக் கொள்முதலுக்கு முழு டெண்டர் தேவையில்லை, கொட்டேஷன் போதும். அங்கேயும் இதே முறையைக் கையாளத் தடை எதுவும் இல்லை.

‘முன்கூட்டியே’, ‘அளந்து சொல்லக்கூடிய’ என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். விலைகளைப் பிரித்துப் பார்த்த பிறகு, “இந்தக் கம்பெனி நல்ல கம்பெனி, இதற்கே கொடுப்போம்” என்று சொல்லக் கூடாது. தேர்வு எழுதி முடித்த பிறகு எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று ஆசிரியர் முடிவு செய்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அதுபோலத்தான். ‘தரமான’, ‘உயர்ந்த ரக’ என்று எழுதுவதும் பயனற்றது. தரத்தை எந்தக் கருவியால் அளப்பது? ‘50 மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு 2.5 லிட்டர், பயனுறுதிறன் நூற்றுக்கு 45-க்குக் குறையாமல்’ என்று எழுதினால் அளக்கலாம். அளந்து காட்டி வாதாடலாம். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஆழ்துளைக் கிணற்றுப் பம்புகளுக்கு ஐ.எஸ். 8034 என்று ஒரு தர அளவையே வகுத்து வைத்திருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டால் பல பக்கங்கள் எழுதும் வேலை மிச்சம்.

ஒரு பழைய செய்தி. உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்ததைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அங்கே ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்பதோடு பொன்னுக்கும் ஒரு வாரியம் இருந்தது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை என்பதும் விதி.

இன்னும் பிறக்காத பொருளை வாங்குவது

பம்பை வாங்குமுன் பார்க்கலாம், தொடலாம். சிமெண்டுச் சாலையையோ பள்ளிக் கட்டடத்தையோ அப்படிப் பார்க்க முடியாது. டெண்டர் முடிவாகும்போது அது இல்லவே இல்லை. கட்டி முடித்த பிறகோ, அதன் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கட்டுமானக் கொள்முதலின் தொல்லை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஒரு தெருவுக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் சிமெண்டுச் சாலை என்று கொள்வோம். பருமன் 45 கனமீட்டர். கனத்தில் இரண்டே சென்டிமீட்டர் குறைந்தால் என்ன ஆகும்? 6 கனமீட்டர் கான்கிரீட், அதாவது நூற்றுக்கு 13 பங்கு, போடாமலே போட்டதாகிவிடும். சாலை மேல் நடப்பவர் யாருக்கும் இது தெரியாது. லாரி போகும்போது சாலைக்குத் தெரியும்!

கான்கிரீட்டின் வலிமையை எப்படி அளப்பது? எம்20 கான்கிரீட் என்று பொறியாளர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாக வார்த்து, 28 நாள் நீரில் வைத்துப் பிறகு நசுக்கினால், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வரை தாங்கும் வலிமை உடையது என்பது அதன் பொருள். அந்தக் கனசதுரத்தின் ஒரு முகத்தின் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். ஆகவே விசை 4,50,000 நியூட்டன். ஏறத்தாழ 46 டன் எடைக்குச் சமம்! உங்கள் இரு கைகளுக்குள் அடங்கும் ஒரு கல் தாங்கும் பளு இது.

ஐ.எஸ். 456 என்னும் தர அளவையின்படி 31 முதல் 50 கனமீட்டர் வரையுள்ள வேலைக்கு நான்கு மாதிரிகள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று கனசதுரங்கள். நம் தெருவுக்கு ஆக மொத்தம் பன்னிரண்டு. இதில் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கலவையிலிருந்து மாதிரி எடுப்பது என்பதை ஒப்பந்ததாரர் முடிவு செய்யக் கூடாது. அவர் முடிவு செய்தால் அந்தக் கலவையில் மட்டும் சிமெண்டு தாராளமாக விழும். புள்ளியியலில் இதைத்தான் சமவாய்ப்பு மாதிரி என்கிறோம். காலையில் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு ஐந்தாவது கலவை, பதினொன்றாவது கலவை என்று எடுத்தால் போதும். குடவோலை இங்கேயும் பயன்படும்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று வேதிமாற்றம் அடையத் தேவையான நீர் ஏறத்தாழ 12 லிட்டர்தான். கலவை குழைந்து வருவதற்காக 25 லிட்டர் வரை ஊற்றுகிறோம். கலவை இளகினால் வேலை சுலபம் என்று இன்னும் பத்து லிட்டர் ஊற்றினால், மிகுதி நீர் பின்னால் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும், வலிமை குறையும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே வலிமையைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் 1918-இல் அமெரிக்காவில் காட்டினார். ஆகவே கான்கிரீட்டைக் கெடுப்பவர் எப்போதும் திருடராக இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர்க் குடத்தோடு நிற்கும், யாரும் சொல்லித்தராத ஒரு கூலியாளாகவும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் வாளிக் கணக்கு எழுதியிருந்து, ஒருவர் நின்று பார்த்தால் அது நடக்காது.

அளப்பதற்கும் நேரம் உண்டு. கம்பி கட்டியபின், கான்கிரீட் கொட்டுவதற்கு முன் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். எம் புக் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். கொட்டிய பிறகு எழுதிய எம் புக் வெறும் கதைப் புத்தகம்.

மதிப்பீட்டைவிட மிகவும் குறைத்து ஒருவர் டெண்டர் போடும்போது ஊரே மகிழ்கிறது. எனக்குப் பயமாக இருக்கும். சிமெண்டின் விலையும் கம்பியின் விலையும் எல்லாருக்கும் ஒன்றுதானே? எதைக் குறைத்து அவர் ஈடு கட்டுவார் என்று அப்போதே கேட்டு, விலைப் பகுப்பை எழுதி வாங்க வேண்டும். மதிப்பீடே ஊதிப் போடப்பட்டிருந்தது என்பதும் சில வேளை அதில் வெளிப்படும்.

போட்டி எங்கிருந்து வருகிறது?

பலர் போட்டியிட்டால் விலை இறங்கும் என்பது சந்தையில் தக்காளி வாங்குபவருக்கும் தெரியும். 2014-இல் மத்திய அரசு நிறுவனம் ஒன்று எல்.இ.டி. பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியபோது ஒரு பல்பின் விலை 310 ரூபாய். அடுத்தடுத்த டெண்டர்களில் அளவு கூடக் கூட, 2016-இல் 55 ரூபாய்க்கு வந்துவிட்டது. இதில் ஒரு பகுதி, உலகெங்கும் எல்.இ.டி. செய்யும் தொழில்நுட்பம் மலிவானதால் வந்தது. எனினும் சில்லறையாக ஐம்பதும் நூறுமாக ஒவ்வொரு பேரூராட்சியும் தனித்தனியே வாங்கியிருந்தால் அந்த இறக்கம் அவ்வளவு விரைவில் கிடைத்திராது.

போட்டியைக் கொல்லும் வழிகள் பல. விளம்பரம் யார் கண்ணிலும் படாமல் போவது ஒன்று. அதனால்தான் 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்று விதி செய்தார்கள். மற்றொன்று, ஒரே கம்பெனியின் விளக்கக் குறிப்பைப் பார்த்து அப்படியே நிபந்தனை எழுதுவது. ‘வெளிக்கூட்டின் கனம் 3.2 மில்லிமீட்டர், நிறம் இன்ன நீலம்’ என்று இருந்தால் யாருக்காக எழுதியது என்று புரிந்துவிடும். பம்பு என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் பத்துப் பேர் வருவார்கள்; எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினால் ஒருவரே வருவார். மூன்றாவது, டெண்டர் போடுபவர்களே தேநீர்க் கடையில் கூடி, இந்தத் தடவை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பங்கு போடுவது. மூடிய உறை, மூடிய பேச்சால் தோற்கிறது. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வருமாறு செய்வதும், பழைய டெண்டர் விலைகளை எல்லாரும் பார்க்க வைப்பதும்தான் இதற்கு மருந்து. உக்ரைன் நாட்டில் 2016 முதல் அரசும் உள்ளாட்சிகளும் புரோசோரோ என்ற ஒரே மின்னணு முறையில் வாங்குகின்றன. ஏலம் முடிந்ததும் யார் என்ன விலை சொன்னார் என்பதை எந்தக் குடிமகனும் பார்க்கலாம். நம் நாட்டிலும் டெண்டர்கள் இணையதளத்துக்கு வந்துவிட்டன. பார்ப்பவர்கள்தான் குறைவு.

நான்காவது ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. பணத்தைத் தாமதமாகக் கொடுப்பது! வேலை முடித்து எட்டு மாதம், ஒரு வருடம் பில்லுக்கு அலைய வேண்டும் என்று தெரிந்தால், ஒப்பந்ததாரர் அந்த வட்டியை முதலிலேயே விலையில் ஏற்றிவிடுவார். கையிருப்பு இல்லாத நாணயமான சிறு ஒப்பந்ததாரர் ஒதுங்கிக்கொள்வார். மிஞ்சுபவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் நடந்தது

கருகிய மோட்டாருக்குச் சுருள் மாற்றி எப்படியோ ஓட வைத்தார்கள். மறுநாள் அண்ணன் மகளையும் அவள் தோழிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சோதனை செய்தோம். தொட்டியின் உள்விட்டம் 4 மீட்டர். வெளியேறும் வால்வை மூடிவிட்டு, தொட்டி ஆபரேட்டர் மட்டும் மேலே ஏறி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று அளந்தார். (நீங்கள் ஏறக் கூடாது!) 60 சென்டிமீட்டர். அதாவது 7,540 லிட்டர். அதே நேரத்தில் மின்மீட்டர் 3.7 யூனிட் ஓடியிருந்தது. 50 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டால் நீர் பெற்ற ஆற்றல் 1.03 யூனிட். பயனுறுதிறன் நூற்றுக்கு 28!

அந்தத் தாளை அக்கா கிராம சபையில் படித்தார். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வழக்கமாக யார் தின்றது என்ற சண்டையில் முடியும் கூட்டத்தில், அன்றைக்கு யூனிட்டைப் பற்றியும் லிட்டரைப் பற்றியும் பேசினார்கள். புது மோட்டாருக்குக் கொட்டேஷன் கேட்டபோது, உயரம், நீரின் அளவு, தாங்க வேண்டிய மின்னழுத்தம் எல்லாம் எழுதினார்கள். விலையோடு எட்டு ஆண்டு மின்செலவையும் கூட்டி, மொத்தம் யாருக்குக் குறைவோ அவருக்கே என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பொருத்திய பிறகு அளந்து, சொன்ன பயனுறுதிறனில் ஒவ்வொரு புள்ளி குறைவுக்கும் ஒரு தொகை பிடிக்கப்படும் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். விலையில் இரண்டாவதாக இருந்தவருக்கு வேலை கிடைத்தது. அவர் உறுதி சொன்னது நூற்றுக்கு 45.

பொருத்தி முடித்ததும் மாணவிகள் அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் 9,360 லிட்டர், மின்சாரம் 3.1 யூனிட். கணக்கிட்டால் நூற்றுக்கு 41 தான். “நாலு புள்ளி கம்மி, பணத்தைப் பிடிங்க” என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார். கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “என் பம்பு சரியாத்தான் இருக்கு. நீங்க சொன்ன 50 மீட்டர் சரியா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. உராய்வுக்கு 3 மீட்டர் என்பது நாங்கள் குத்துமதிப்பாகப் போட்டது. கிணற்றின் வாயருகே குழாயில் ஓர் அழுத்தமானி பொருத்திப் பார்த்தோம். சதுர சென்டிமீட்டருக்கு 2.2 கிலோ காட்டியது. 22 மீட்டர் உயர நீருக்குச் சமம். தொட்டியின் உயரம் 12 மீட்டர் போக, உராய்வு மட்டும் 10 மீட்டர்! கீழே உள்ள 35-ஐக் கூட்டினால் பம்பு உண்மையில் தள்ளுவது 57 மீட்டருக்கு. பயனுறுதிறன் 41 × 57 ÷ 50 = 46.7. கடைக்காரர் சொன்னதைவிட அதிகமே. பிழை எங்களுடையது. பணம் முழுவதும் அன்றே கொடுக்கப்பட்டது. (பழைய பம்புக்கும் இதே திருத்தத்தைச் செய்தோம். நீரோட்டம் குறைவாக இருந்ததால் அப்போது உராய்வு ஆறரை மீட்டர்தான் இருந்திருக்கும். திருத்திய பின்னும் அது 30-ஐத் தொடவில்லை.)

உண்மையான குற்றவாளி, பல ஆண்டுகளுக்கு முன் பதித்த, உட்புறம் உப்புப் படிந்த ஒன்றரை அங்குலக் குழாய். குறிப்பிட்ட நீரோட்டத்துக்கு உராய்வு இழப்பு, குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் இருக்கும். ஒன்றரை அங்குலத்துக்குப் பதில் இரண்டு அங்குலம் போட்டால், இழப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். நாளைக்கு 2.7 யூனிட் மிச்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ 7,900 ரூபாய். ஊராட்சி முதலில் வாங்கியிருக்க வேண்டியது எது, பம்பா, குழாயா? இதை யாருமே கேட்கவில்லை, நான் உட்பட. அடுத்த கிராம சபைப் பொருள்பட்டியலில் குழாய் இருக்கிறது. தோண்டும் செலவையும் சேர்த்து எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்ற கணக்கை அந்த மூன்று மாணவிகளிடமே அக்கா ஒப்படைத்திருக்கிறார்.

நீங்கள் செய்து பார்க்க

உங்கள் ஊரில் கட்டட வேலை நடக்கும் இடத்தில், மேஸ்திரியிடம் அனுமதி பெற்று, ஒரு மீட்டர் நீளமுள்ள வெட்டுக் கம்பித் துண்டு ஒன்றை வாங்கி எடை போடுங்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் இருமடியாக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோகிராமில் வரும் என்று மேஸ்திரிகள் மனக்கணக்காகச் சொல்வார்கள். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.888 கிலோ. எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோ என்று கொண்டு, அந்த 162 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். பிறகு, 12 என்று விற்ற கம்பி 0.80 கிலோ மட்டுமே இருந்தால் அதன் உண்மையான விட்டம் என்ன, 4 டன் வாங்க வேண்டிய பள்ளிக் கட்டடத்தில் அதே நீளக் கம்பிக்கு எத்தனை கிலோ எஃகு குறையும் என்பதையும் கணக்கிடுங்கள்.